சான்றிதழ் இல்லா மாலுமியும் சட்டமும்

ஒரகடத்தில் இருந்துகொண்டு கப்பலைப் பற்றி எழுதுவானேன் என்று நண்பர்கள் நகைக்கலாம். நம் வட்டாரத்தில் உருவாகும் கார்கள் சென்னை, எண்ணூர்த் துறைமுகங்கள் வழியாகத்தான் கடல் கடக்கின்றன. என் தந்தையார் கன்டெய்னர் லாரி ஓட்டுபவர். ஆதலால் துறைமுகம் எங்கள் வீட்டில் அன்றாடப் பேச்சு. எனினும் என்னை எழுதத் தூண்டியவர் என் அத்தான். கப்பல் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன தரகர் ஒருவரிடம், அத்தையின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டினார். கிடைத்த மாலுமிப் புத்தகம் போலி. அதிலிருந்த எண்ணே அரசுப் பதிவில் இல்லை.

"ஏமாந்தவன் மேல்தான் குற்றம்" என்றது ஊர். சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் சாலையைப் பார்ப்போம். உரிமம் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளருக்கும் தண்டனை உண்டு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ.5,000 அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்திற்கு முன் அபராதம் ரூ.1,000 வரைதான்.

கடலிலும் இதே நியாயம்தான். மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கை 1978-இல் லண்டனில் உருவாகி, 1984-இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டே இந்தியாவும் சேர்ந்தது. 1995-இல் திருத்தப்பட்ட அதன் விதிகள், பொய்ச் சான்று காட்டி வேலை பெற்றவரை மட்டும் குற்றவாளி ஆக்கவில்லை. சான்றிதழ் இல்லாதவரை அமர்த்திய நிறுவனத்தையும், அவரிடம் பணியை ஒப்படைத்த கப்பல் தலைவரையும் தண்டிக்கச் சொல்கின்றன. தண்டனையின் அளவை அந்தந்த நாடே வகுக்க வேண்டும்.

அபராதத்தைவிடப் பெரிய அடி ஒன்றுண்டு. தகுதியற்ற ஆட்களால் ஆபத்து நேரும் எனக் கண்டால், துறைமுக ஆய்வாளர் கப்பலையே தடுத்து நிறுத்தலாம். இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார்: "லாரி ஒரு நாள் நின்னாலே முதலாளி தூங்கமாட்டார். கப்பல் நின்னா?"

தரகருக்கு வருகிறேன். மாலுமிகளுக்கு வேலை தேடித்தர, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, வேலைக்கெனத் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கலாகாது; மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு போன்ற செலவுகளே அவருடையவை. அப்படியானால் புத்தகம் போலியாவதற்கு முன்பே, பணம் கேட்ட அன்றே தவறு நடந்துவிட்டது.

புகார் மனுவை எழுதி வைத்துவிட்டேன். ஊருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அத்தை தடுக்கிறார். அத்தான் இன்னும் கையெழுத்திடவில்லை.