அடங்கலும் சிட்டாவும்: கணிப்பொறி எண்ணும் விதம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிப்பொறி அறிவியல்)

எங்கள் குளத்தூர்ப் பக்கம் பெரியவர்களிடம் ‘கணக்கு’ என்று சொன்னால் அவர்கள் கூட்டல் கழித்தலை நினைப்பதில்லை. கிராமக் கணக்கைத்தான் நினைப்பார்கள். 1980-இல் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர் வந்த பின்னரும், ‘கணக்குப்பிள்ளை’ என்றே சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கின்றனர். தரவுத் தளப் பாடம் வகுப்பில் தொடங்கியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அந்தக் கணக்குதான். அதற்குக் காரணம் உண்டு.

நான் பள்ளியில் படித்த காலத்தில் ஓர் ஆண்டு மழை பிந்தியது. புரட்டாசி கழிந்தும் எங்கள் கரிசல் காட்டில் விதை போட முடியவில்லை. அவ்வாண்டு வந்த ஒரு பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. “நிலம் இருக்கு, பட்டா இருக்கு, தீர்வையும் கட்டியாச்சு. பேரு மட்டும் எங்கய்யா போச்சு?” என்று அப்பா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பட்டியலை யார் எப்படித் தயாரித்தார்கள் என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் யாரும் வேண்டுமென்று அடிக்காமலே ஒரு பெயர் எப்படி மறைந்துபோகக் கூடும் என்பதை இவ்வாண்டு ஆய்வுக்கூடத்தில் கண்டேன். அதையே நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கிராமக் கணக்குகளில் சிட்டா என்பது பட்டா வாரியான கணக்கு. எந்தப் பட்டாவில் எந்தெந்தப் புல எண்கள், எவ்வளவு பரப்பு என்பதை அது சொல்லும். அடங்கல் என்பது புல வாரியான சாகுபடிக் கணக்கு. ஜூலை முதல் ஜூன் வரையிலான ஒவ்வொரு பசலிக்கும் எந்தப் புலத்தில் என்ன பயிர் என்பதை அதில் எழுதுவார்கள். இரண்டையும் இணைப்பது இரண்டிலும் எழுதப்பட்டுள்ள புல எண்தான். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்னும் அறிஞர் 1970-இல் வெளியிட்ட கட்டுரையின் உயிர்நாடியும் இதுவே. தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்து, பொதுவான மதிப்பைக் கொண்டு இணைக்க வேண்டும் என்றார் அவர். நம் கிராமக் கணக்கைப் பார்த்திருந்தால் அவர் மகிழ்ந்திருப்பார் என்பது என் எண்ணம்.

பாடத்திற்காக நான் ஒரு சிறு கற்பனைக் கணக்கு வைத்துக்கொண்டேன். பட்டா 12-இல் 105/1, 105/2 என்ற இரு உட்பிரிவுகள். பட்டா 27-இல் 110/3. பட்டா 40-இல் 118/2. ஆக, மூன்று பட்டாக்கள், நான்கு உட்பிரிவுகள். 1434-ஆம் பசலியில் 105/1-இல் பருத்தியும் ஊடே உளுந்தும், 105/2-இல் சோளம், 110/3-இல் மிளகாய், 118/2 தரிசு. உண்மையான அடங்கலில் தரிசையும் எழுதுவார்கள். நான் பயிர் இருந்தவற்றை மட்டுமே அட்டவணையில் ஏற்றினேன். கணிப்பொறியில் பெரும்பாலோர் செய்வதும் அப்படித்தான்.

‘பட்டாவுக்கு எத்தனை உட்பிரிவுகளில் சாகுபடி?’ என்பது கேள்வி. இரு அட்டவணைகளையும் சாதாரண ஜாயின் கொண்டு இணைத்து, பட்டா எண்படி குரூப் பை செய்து, கவுண்ட் நட்சத்திரம் போட்டேன். பட்டா 12-க்கு 3, பட்டா 27-க்கு 1 என்று விடை வந்தது. கூட்டினால் 4. சிட்டாவில் உள்ள உட்பிரிவுகளும் 4. சரிதான் என்று நோட்டை மூடப் போனேன்.

சரியல்ல. ஊடுபயிர் இருந்ததால் 105/1 இருமுறை எண்ணப்பட்டது. இணை கிடைக்காததால் 118/2 விடுபட்டது. ஒன்று கூடி ஒன்று குறைந்து மொத்தம் பொருந்திவிட்டது! பட்டா 40 பட்டியலிலேயே இல்லை. அப்பா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு மீண்டும் கேட்டது.

இதற்கு மருந்து லெப்ட் ஜாயின். இடப்பக்க அட்டவணையாகிய சிட்டாவின் எந்த வரியையும் அது கைவிடாது. இணை இல்லாத இடத்தில் ‘நல்’ என்னும் வெற்று மதிப்பை நிரப்பும். ஆனால் கவுண்ட் நட்சத்திரம் வரிகளை எண்ணுவது. அதனால் பட்டா 40-க்கு 1 என்று காட்டும். தரிசு நிலம் சாகுபடி நிலமாகிவிடும். அடங்கல் பக்கத்துப் புல எண்ணைக் குறிப்பிட்டு எண்ணினால் நல் எண்ணப்படாது. அதோடு டிஸ்டிங்க்ட் சேர்த்தால் ஊடுபயிரும் குழப்பாது. அப்போது விடை முறையே 2, 1, 0. இதுவே சரி.

இன்னொரு பள்ளம் உண்டு, நானே விழுந்தேன். ‘பசலி 1434’ என்ற நிபந்தனையை வேர் பகுதியில் எழுதினால், நல் உள்ள வரி அந்தச் சோதனையில் தேறாது. பட்டா 40 மறுபடியும் போய்விடும். நிபந்தனையை இணைப்பின் ஆன் பகுதியிலேயே எழுத வேண்டும்.

பரப்பைக் கூட்டும்போது டிஸ்டிங்க்டும் கைவிடும். 105/1, 105/2 இரண்டும் தலா 0.80 ஹெக்டேர் என்று கொள்வோம். இணைத்த பின் கூட்டினால் 2.40 வரும், டிஸ்டிங்க்ட் போட்டுக் கூட்டினால் இரண்டு 0.80-உம் ஒன்றாகி 0.80 வரும். உண்மை 1.60. ஆகவே அடங்கலை முதலில் புல வாரியாகத் தொகுத்து, புலத்துக்கு ஒரு வரி என்று ஆக்கிக்கொண்டு, அதன் பிறகே சிட்டாவோடு இணைக்க வேண்டும்.

பட்டா எண்ணும் புல எண்ணும் ஒரு கிராமத்துக்குள்தான் தனித்தவை என்பதையும் மறக்கலாகாது. பட்டா 12 பக்கத்துக் கிராமத்திலும் இருக்கும். இணையத்தில் சிட்டா பார்க்கும்போது மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்பது இதனால்தான். இணைப்பிலும் கிராமக் குறியீட்டைச் சேர்க்காவிட்டால் ஒருவர் காட்டுப் பருத்தி இன்னொருவர் கணக்கில் ஏறும்.

கூட்டுப் பட்டா இதைவிடச் சிக்கலானது. எங்களுடையதும் அதுவே: அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்த பட்டா. மூவர் பெயரும் நான்கு உட்பிரிவுகளும் உள்ள பட்டாவில் உரிமையாளர் அட்டவணையையும் புல அட்டவணையையும் ஒருசேர இணைத்தால் 12 வரிகள் வரும். நாலு துண்டு நிலம் பன்னிரண்டாகும். உரிமையாளரைத் தனியே எண்ணி, புலத்தைத் தனியே எண்ணி, இரு விடைகளையும் பட்டா எண்ணைக் கொண்டு கடைசியில் சேர்த்தேன். 3 என்றும் 4 என்றும் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். கிழக்குத் துண்டை எந்த எண்ணில் போட்டிருக்கிறாய் என்று கேட்டார்.