ஏறிக்கொண்டே போகும் 'மைனஸ் பவர்'... கடிவாளம் போட முடியுமா?

"போன வருஷம் மைனஸ் ஒண்ணேகால்தான் இருந்துச்சு டாக்டர். இப்போ ரெண்டுங்கறீங்க. இப்படியே போனா காலேஜ் போறப்ப என்ன ஆகும்?"

நான்காம் வகுப்புப் படிக்கும் மகளை அழைத்து வந்திருந்த அம்மாவின் கவலை இது. கூடவே வந்த பாட்டிக்கோ வேறு வருத்தம். "தினமும் கேரட்டும் முருங்கைக்கீரையுமா குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்றார். அப்பா கொஞ்சம் தயங்கி, "பவரைக் குறைச்சு எழுதிக் குடுங்களேன் சார். முழுசாப் போட்டா கண்ணு சோம்பேறியாயிடும்னு சொல்றாங்க" என்றார். இது எதிலும் சம்பந்தப்படாமல், ஐந்து வயதுத் தம்பி அம்மாவின் செல்போனில் மூழ்கியிருந்தான்.

அநேகமாக எல்லா வீடுகளிலும் எழுகிற கேள்விகள்தான் இவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கண் நீளுகிறது!

பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னாக சுமார் 17 மில்லி மீட்டர் நீளம் இருக்கும். வளர்ந்தவர்களுக்கு 23, 24 மில்லி மீட்டர். சில குழந்தைகளுக்கு இந்த வளர்ச்சி அளவோடு நிற்காமல், கண் மேலும் பின்னோக்கி நீண்டுகொண்டே போகிறது. அப்போது தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரை மேல் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. கையிலுள்ள புத்தகம் பளிச்சென்று தெரிகிறது. இதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லி மீட்டர் கூடுதலாக நீண்டாலே சுமார் இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை பவர் ஏறிவிடும்.

இதில் பாட்டியின் கேரட்டுக்கு வேலையில்லை. வைட்டமின் ஏ குறைந்தால் வருவது மாலைக்கண். அதைத் தடுக்கக் கீரையும் கேரட்டும் நிச்சயம் வேண்டும். ஆனால் கண் நீளுவதை அவற்றால் நிறுத்த முடியாது.

"கண்ணாடி போட்டா நல்லாத் தெரியுதே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். கண் நீள நீள, உள்ளேயிருக்கும் விழித்திரையும் இழுபட்டு மெலிகிறது. மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குப் பிற்காலத்தில் விழித்திரை பிரிதல், விழித்திரையின் மையப் பகுதி தேய்தல், கிளாக்கோமா போன்றவை வரும் வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு டயாப்டர் ஏறாமல் தடுத்தாலும், கிட்டப்பார்வையால் விழித்திரை மையம் கெடும் ஆபத்து சுமார் 40 சதவிகிதம் குறையும் என்று 2019-ல் வெளியான ஓர் அலசல் கூறுகிறது. பெரியவளானதும் 'லேசர்' செய்துகொள்ளலாம் என்றால், அது கருவிழியின் வளைவைத்தான் மாற்றும். நீண்டுபோன கண் நீண்டதுதான்!

பவரைக் குறைத்துப் போடலாமா?

கூடாது. மலேசியாவில் குழந்தைகளிடம் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். முழு பவர் போட்டவர்களைவிட, குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் பவர் வேகமாக ஏறியது. 2002-ல் வெளிவந்த முடிவு இது. கண்ணாடியை அவ்வப்போது கழற்றி வைப்பதும் வேண்டாம். கண் 'சோம்பேறி' ஆவதில்லை. மங்கலாகத் தெரிவதால் பாவம், குழந்தைக்குப் பாடம்தான் புரியாமல் போகிறது.

கோழிக்குஞ்சு சொன்ன பாடம்

1988-ல் வெளியான ஓர் ஆய்வில் கோழிக்குஞ்சுகளின் கண்களுக்கு முன் லென்ஸ் பொருத்தினார்கள். மைனஸ் லென்ஸ் போட்டால் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் போகும். உடனே கண் அதைப் பிடிக்க ஓடுவதுபோல் நீளமாக வளர்ந்தது. பிளஸ் லென்ஸ் போட்டு பிம்பத்தை முன்னால் கொண்டுவந்தால் வளர்ச்சி தணிந்தது. ஆக, பிம்பம் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்துத்தான் கண் தன் வளர்ச்சியை முடிவு செய்கிறது!

பிறகு அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஏர்ல் ஸ்மித் குழுவினர் குரங்குகளிடம் ஆராய்ந்தபோது இன்னொரு உண்மை தெரிந்தது. விழித்திரையின் மையம் மட்டுமல்ல, ஓரப் பகுதிகளும் இந்த உத்தரவைக் கொடுக்கின்றன. சாதாரணக் கண்ணாடி மையத்தில் பிம்பத்தைச் சரியாக விழவைக்கிறது. ஆனால் ஓரங்களில் அது பின்னால் தள்ளிப் போய்விடலாம். 'இன்னும் வளர்' என்று கண் புரிந்துகொள்கிறது.

ஹாங்காங் கண்ணாடி

இந்தத் தத்துவத்தை வைத்து ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகமும் ஜப்பானின் ஹோயா நிறுவனமும் சேர்ந்து ஒரு கண்ணாடியை உருவாக்கின. 'மையோஸ்மார்ட்' என்ற பெயரில் 2018-ல் விற்பனைக்கு வந்தது. பார்க்கச் சாதாரணக் கண்ணாடி போலவே இருக்கும். நடுவே சுமார் 9 மில்லி மீட்டர் வட்டத்தில் குழந்தையின் முழு பவர். அதைச் சுற்றித் தேன்கூடு போல சுமார் 400 குட்டிக் குட்டி லென்ஸ்கள், ஒவ்வொன்றும் ஒரு மில்லி மீட்டர் அளவில். இந்தக் குட்டி லென்ஸ்கள் ஒளியில் ஒரு பகுதியை விழித்திரைக்கு முன்னால் விழவைக்கின்றன. 'போதும், வளராதே' என்ற உத்தரவு கண்ணுக்குப் போகிறது. குழந்தைக்கும் தெளிவாகத் தெரிகிறது.

8 முதல் 13 வயது வரையுள்ள 160 குழந்தைகள் இரண்டு ஆண்டு சோதனையை முடித்தார்கள். சாதாரணக் கண்ணாடி போட்டவர்களுக்குச் சராசரியாக 0.85 டயாப்டர் ஏறியது. இந்தக் கண்ணாடி போட்டவர்களுக்கு 0.41 மட்டுமே. கண் நீண்டது 0.55 மில்லி மீட்டருக்குப் பதில் 0.21 மில்லி மீட்டர்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'பாதியாகக் குறையும்' என்பது சராசரிக் கணக்கு. இந்தக் கண்ணாடி போட்ட ஐந்து பேரில் ஒருவருக்குப் பவர் ஏறவே இல்லை. வேறு சிலருக்கு ஏறத்தான் செய்தது. ஏற்கெனவே ஏறிய பவரை இது இறக்காது. வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டு வாங்கினால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

பிரான்சின் எசிலார் நிறுவனத்தின் 'ஸ்டெலஸ்ட்' கண்ணாடியும் இதே வகை. சீனாவின் வென்ஜோ நகரில் நடந்த இரண்டு ஆண்டு ஆய்வில், தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் அணிந்த குழந்தைகளுக்குப் பவர் ஏறும் வேகம் 67 சதவிகிதம் குறைந்தது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசின் அனுமதியும் இதற்குக் கிடைத்தது. இவ்வகைக் கண்ணாடிகள் நம் நாட்டிலும் கிடைக்கின்றன.

வேறு வழிகள்

* பகலில் அணியும் கான்டாக்ட் லென்ஸ்: 'மைசைட்' என்ற தினசரி லென்ஸுக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மூன்று ஆண்டுகளில் வேகம் 59 சதவிகிதம் குறைந்தது.

* இரவில் அணியும் கெட்டி லென்ஸ்: தூங்கும்போது கருவிழியின் வளைவை மாற்றும், பகலில் கண்ணாடி வேண்டாம். ஆனால் கை சுத்தம், லென்ஸ் சுத்தம் மிக முக்கியம். அசட்டையாக இருந்தால் கருவிழியில் கிருமித் தொற்று வந்து பார்வைக்கே ஆபத்து.

* அட்ரோபின் சொட்டு மருந்து: மிகக் குறைந்த அளவில், டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். கடையில் கேட்டு நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள்.

வாங்கும் முன் கவனிக்க...

1. குழந்தைக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் தளர்த்திய பிறகே பவர் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பவர் கூடுதலாகக் காட்டக்கூடும்.

2. கண்ணின் நீளத்தையும் அளந்து குறித்துத் தரச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் பலன் தெரியும்.

3. ஃபிரேம் மூக்கில் வழுக்கி இறங்கக் கூடாது. குழந்தையின் பார்வை லென்ஸின் மையத்தில் இருக்க வேண்டும்.

4. காலை எழுந்ததிலிருந்து இரவு வரை அணிய வேண்டும். முதல் சில நாட்கள் ஓரங்களில் லேசாக மங்கலாகத் தெரியலாம், பழகிவிடும்.

5. 'ப்ளூ கட்' கண்ணாடி வேறு, இது வேறு. பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

6. சாதாரணக் கண்ணாடியைவிட விலை பல மடங்கு. பவர் மாறினால் திரும்ப வாங்க வேண்டிவரும். வருடத்துக்கு என்ன செலவாகும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாவிட்டால் மனசு ஒடிய வேண்டாம். சொட்டு மருந்து பொருந்துமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

தம்பிக்கு என்ன?

கிட்டப்பார்வை இன்னும் வராத குழந்தைக்கு நல்ல மருந்து பகல் வெளிச்சம். காசே இல்லை! சீனாவின் குவாங்ஜோ நகரில் முதல் வகுப்புக் குழந்தைகளைப் பள்ளியில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே இருக்கவைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 30 சதவிகிதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்றவர்களில் 39.5 சதவிகிதம். தினமும் இரண்டு மணி நேரம் வெளியே விளையாடினால் ரொம்ப நல்லது. சூரியனை நேராக மட்டும் பார்க்கக் கூடாது.

எல்லாம் கேட்டு முடித்ததும் அப்பா மெல்லச் சொன்னார்: "சரி சார், முழு பவரே எழுதுங்க. பெரியவளுக்கு அந்தக் கண்ணாடியே போட்டுடலாம். ஆறு மாசம் கழிச்சு வந்து அளந்து பார்க்கறோம்."

பாட்டியின் முகம் மட்டும் தெளியவில்லை. "அப்போ நான் குடுக்கற கேரட்?"

"தாராளமாக் குடுங்கம்மா, உடம்புக்கு நல்லது. ஆனா வீட்டுக்குள்ள வேண்டாம். சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே ரெண்டு பேரையும் மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் குடுங்க!" என்றேன்.

செல்போனிலிருந்து முதன்முறையாகத் தலையை நிமிர்த்திச் சிரித்தான் தம்பி.