பாடம் 7: பொருந்துதலும் பொருத்துதலும்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என ஊர்களைக் கடந்து சாலை செல்கிறது. இவ்வழியில் மோட்டார் சைக்கிளில் சென்று இறங்குவோருள் சிலருக்கு மணிக்கட்டு வலிக்கும். சிலருக்கு விரல்கள் மரத்துப்போயிருக்கும். சிலருக்குத் தோளும் இடுப்பும் நோகும். 'நெடும்பயணம் என்றால் வலிக்கத்தானே செய்யும்' என்று அவர்கள் எண்ணுவர். ஆனால், வலிக்குத் தொலைவு மட்டுமே காரணம் அன்று. வண்டி உடலுக்குப் பொருந்தாமையும் காரணமாகலாம்.

தொடும் இடங்கள் ஐந்து

ஓட்டுநரின் உடல் வண்டியை ஐந்து இடங்களில் தொடுகிறது. இரண்டு கைகள், இரண்டு பாதங்கள், இருக்கை ஆகியவையே அவை. இவற்றுள் கைகள் பற்றும் தண்டினை ஹேண்டில்பார் என்கிறோம். அது மிகத் தாழ்ந்திருந்தால் மேலுடலின் எடை மணிக்கட்டில் இறங்கும். மிக உயர்ந்திருந்தால் தோள்கள் சோரும். வேகமாகச் செல்லும்போது எதிர்க்காற்று மார்பில் மோதும். எட்டாத் தொலைவில் இருந்தால் முழங்கை விறைத்து நீளும். சாலையின் ஒவ்வோர் அதிர்வும் தோள்வரை ஏறும்.

முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். முன்கையும் புறங்கையும் ஒரே நேர்க்கோட்டில் அமைய வேண்டும். இதுவே நல்ல நிலை.

பழக்கமும் பாதுகாப்பும்

சென்னைத் திருவொற்றியூரில் 1955ஆம் ஆண்டு தொடங்கிய என்பீல்டு இந்தியா நிறுவனத்தின் புல்லட் வண்டியை அறியாதார் இலர். பழைய புல்லட்டுகளில் கியர் மாற்றும் மிதி வலக்கால் பக்கத்திலும், பிரேக் மிதி இடக்கால் பக்கத்திலும் இருந்தன. இன்றைய வண்டிகளில் இவை இடம் மாறியுள்ளன. பழையதில் பழகியவர் புதியதை ஓட்டினால், ஆபத்து நேரத்தில் பிரேக்கை மிதிப்பதாக எண்ணிக் கியரை மிதித்துவிடக்கூடும். கையும் காலும் சிந்தித்துச் செயல்படுவதில்லை. பழகிய இடத்தையே நாடுகின்றன. எனவே, இயக்கும் கருவிகள் இருக்கும் இடம் வசதியைப் பற்றியது மட்டுமன்று; உயிரைப் பற்றியதுமாகும்.

வாங்குமுன் திருத்துக

வலி வந்ததும் புதிய ஹேண்டில்பாரை வாங்கப் பலர் விரைகின்றனர். இருப்பதைத் திருத்தினாலே பெரும்பாலும் போதும். உற்பத்தியாளரே சில இடங்களில் திருத்துவதற்கு வழி வைத்துள்ளார். பிரேக் லிவர், கிளட்ச் லிவர் ஆகியவற்றின் பிடிப்புத் திருகைச் சற்றுத் தளர்த்தி, அவற்றின் சாய்வை மாற்றலாம். விரல்களை நீட்டும்போது மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காதவாறு சாய்வு அமைதல் வேண்டும். பல வண்டிகளில் ஹேண்டில்பாரையே அதன் பிடிப்புக்குள் சிறிதளவு முன்னோ பின்னோ திருப்பி வைக்கலாம்.

இப்பணியைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டே செய்தல் நன்று. பணி முடிந்ததும் திருகுகள் கையேட்டில் கூறிய அளவுக்கு இறுக்கப்பட்டுள்ளனவா என்று உறுதி செய்ய வேண்டும். பின்னர், நின்ற நிலையில் ஹேண்டில்பாரை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். கேபிள்கள் விறைக்கக் கூடாது. கை பெட்ரோல் தொட்டியில் இடிக்கக் கூடாது. எஞ்சினின் ஓசை தானாக உயரக் கூடாது. உயர்ந்தால், முடுக்கிக் கேபிள் இழுபடுகிறது என்பது பொருள். அவ்வண்டி வளைவில் திரும்பும்போது தானே வேகம் கொள்ளும்.

சட்டம் வரையும் எல்லை

வண்டியை விரும்பியவாறெல்லாம் மாற்றிவிட முடியாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதற்கு எல்லை வகுத்துள்ளது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உற்பத்தியாளர் குறிப்பிட்ட அடிப்படை விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆயினும், அதே 52ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்தும் வைத்துள்ளது. மாற்றுத்திறனாளர் தமக்கேற்ப வண்டியை மாற்றியமைத்து, பதிவு அலுவலரின் ஒப்புதலைப் பெறலாம். திருவனந்தபுரம் பூஜப்புராவில் இயங்கும் கேரள மாநில மாற்றுத்திறனாளர் நலக் கழகம், 'சுபயாத்ரா' என்னும் திட்டத்தின்கீழ்ப் பக்கச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டர்களை வழங்கி வருகிறது. கியரில்லா ஸ்கூட்டரில் பிரேக்குகள் இரண்டும் கையிலேயே உள்ளன. பக்கச் சக்கரங்கள் இருப்பதால், வண்டி நிற்கும்போது காலை ஊன்ற வேண்டிய தேவையும் இல்லை.

இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த ஜிலுமோள் மரியட் தாமஸ் கைகளின்றிப் பிறந்தவர். அவருக்கு 2023 டிசம்பரில் கார் ஓட்டுநர் உரிமம் வழங்கப்பட்டது. மலையாளத்தில் 'வளையம்' எனப்படும் திசைமாற்றியை அவர் காலால் திருப்புகிறார். அவருக்கேற்ப அக்காரின் இயக்கக் கருவிகள் மாற்றியமைக்கப்பட்டன.

அழகுக்காகவும் ஆரவாரத்துக்காகவும் செய்யும் மாற்றம் வேறு. உடலின் தேவைக்காகச் செய்யும் மாற்றம் வேறு. முன்னதைச் சட்டம் தடுக்கிறது. பின்னதற்கு முறைப்படி இடம் தருகிறது. மனிதர் வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. வண்டியை மனிதருக்குப் பொருத்த வேண்டும்.

மொழி அறிவோம்

'பொருந்து' என்பது தன்வினை. 'பொருத்து' என்பது பிறவினை. எழுவாய் தானே செய்வது தன்வினை. பிறிதொன்றைச் செய்விப்பது பிறவினை. திரும்பு – திருப்பு, தளர் – தளர்த்து என்பனவும் இத்தகையன.

சொற்பொருள்

முடுக்கி – வேகத்தைக் கூட்டும் கருவி (ஆக்சிலரேட்டர்)
திசைமாற்றி – காரைத் திருப்பும் வட்டக் கருவி (ஸ்டீயரிங்)
சாரம் – சுருக்கமான உட்பொருள்

பயிற்சி

1. ஓட்டுநரின் உடல் வண்டியைத் தொடும் ஐந்து இடங்கள் யாவை?
2. ஹேண்டில்பாரைத் திருப்பும்போது எஞ்சினின் ஓசை உயர்ந்தால், அது எதனைக் காட்டுகிறது?
3. நிமிர், இறங்கு, நிரம்பு ஆகியவற்றின் பிறவினை வடிவங்களை எழுதுக.
4. உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொருள், வீட்டில் உள்ள முதியவருக்கோ குழந்தைக்கோ பொருந்தாமல் இருக்கலாம். அதனை அவருக்கு எவ்வாறு பொருத்தலாம் என்று ஐந்து வரிகளில் எழுதுக.