குழாய் இணைப்பில் நீரைத் தடுப்பது எது?

மாணவர்களே, பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் வழியில் திரிங்காப்பைக் கடந்திருக்கிறீர்களா? சாலையோரத்திலும் மலைச்சரிவிலும் கறுப்பு பாலி பைப்புகள் ஓடுவதைக் காணலாம். மலையோடை நீர் அவற்றின் வழியே காய்கறித் தோட்டங்களுக்கு இறங்கி வருகிறது. நீரைத் தள்ளுவது உயர வேறுபாடுதான். அதே உயரம் பைப்பின் ஒவ்வோர் இணைப்பையும் பிரிக்கவும் பார்க்கிறது. நம் குளியலறைக் குழாயிலும் இதே போராட்டம் நடக்கிறது.

எவ்வளவு விசை?

இயற்பியலில் படிக்கும் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம்: திரவ அழுத்தம் = அடர்த்தி × ஈர்ப்பு முடுக்கம் × உயரம். தண்ணீர்த் தொட்டி வீட்டுக் குழாயைவிட 30 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். சரிவின் நீளம் கணக்கில் வராது. செங்குத்து உயரம் மட்டுமே வரும்.

1000 × 9.8 × 30 = 294,000 பாஸ்கல். இது வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு.

சுடுநீர்ச் சாதனத்துக்குச் செல்லும் செம்பு பைப்பின் வெளிவிட்டம் 15 மில்லிமீட்டர் என்றால், அதன் பரப்பு சுமார் 0.000177 சதுர மீட்டர். விசை = அழுத்தம் × பரப்பு = சுமார் 52 நியூட்டன். 5 கிலோ அரிசிப் பையின் எடையைவிடச் சற்று அதிகமான விசை, பைப்பை இணைப்பிலிருந்து இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது!

வளையத்தின் வேலை

இதைத் தாங்குவது கம்ப்ரஷன் ஃபிட்டிங் எனப்படும் இறுக்க இணைப்பி. அதில் மூன்று பாகங்கள் உண்டு: உடல், நட்டு, இரண்டுக்கும் நடுவே ‘ஆலிவ்’ எனப்படும் பித்தளை வளையம். நட்டைத் திருகும்போது வளையம் உடலின் சாய்வான வாய்க்குள் நெருக்கப்படுகிறது. அது சுருங்கி, பைப்பை இறுகக் கவ்வுகிறது. நீரைத் தடுப்பதும் பைப்பைப் பிடித்து வைப்பதும் அந்த வளையமே. நட்டின் மரை, வளையத்தை நெருக்கும் கருவி மட்டுமே.

நம்ப முடியவில்லையா? குளிர்பானப் பாட்டிலின் மூடியைத் திறந்து கழுத்தைப் பாருங்கள். பல பாட்டில்களில் மரை தொடர்ச்சியாக இருக்காது. நடுநடுவே வெட்டுகள் இருக்கும். ஆனாலும் நீர் நிரப்பி மூடிக் கவிழ்த்துப் பிழிந்தால் ஒழுகாது. நீரைத் தடுப்பது மூடியின் உட்பகுதி, மரையல்ல.

வளையும் ஹோஸ்

குழாயையும் சுவரிலுள்ள அடைப்பானையும் இணைக்கும் வளையும் ஹோஸிலும் இதே பாடம்தான். உள்ளே ரப்பர் குழல். வெளியே துருப்பிடிக்கா எஃகுக் கம்பிப் பின்னல். ரப்பர் நீரைத் தேக்கும். ஆனால் தனியாக விட்டால் பலூன்போல் உப்பிவிடும். அதை உப்பவிடாமல் பிடிப்பது பின்னல். ஹோஸின் நட்டுக்குள் இருக்கும் தட்டையான ரப்பர் வாஷர்தான் ஒழுகலைத் தடுக்கிறது.

ஆகவே, ஒழுகினால் மரையில் வெள்ளை டேப்பைச் சுற்றி, பலம் கொண்ட மட்டும் முறுக்குவது தவறு. அளவுக்கு மீறி முறுக்கினால் வாஷர் கிழியும். பித்தளை வளையம் செம்பு பைப்பை நசுக்கிவிடும். ஒழுகல் இன்னும் கூடும். மரையே நீரைத் தடுக்க வேண்டிய இடத்தில், அதாவது சுவருக்குள் திருகப்படும் குழாயில்தான் டேப் தேவை. அங்கே மரைகளுக்கு இடையிலுள்ள சந்தை அது அடைக்கிறது.

சரியான முறை இது:

1. முதலில் அடைப்பானை மூடி, குழாயைத் திறந்து மிச்ச நீரை வடியவிட வேண்டும்.
2. பைப்பை நேராக வெட்டி, பிசிறை நீக்கி, இணைப்பியின் அடிவரை நுழைக்க வேண்டும்.
3. நட்டைக் கையால் இறுக்கியபின், இறுக்க இணைப்பிக்கு ஸ்பேனரால் ஏறத்தாழ ஒரு சுற்று. ஹோஸுக்குக் கால் சுற்று.
4. ஒரு ஸ்பேனரால் உடலைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் நட்டைத் திருக வேண்டும். ஹோஸ் முறுக்கிக்கொள்ளக் கூடாது.

சுடுநீர்ச் சாதனத்தின் மின் இணைப்பில் மட்டும் நீங்கள் கைவைக்கக் கூடாது. அது உரிமம் பெற்றவரின் வேலை.

இரவில் ஏன் ஒழுகுகிறது?

நீர் ஓடும்போது பைப்பின் உராய்வால் அழுத்தத்தின் ஒரு பகுதி குறைகிறது. எல்லோரும் தூங்கியபின் ஓட்டம் நின்று, முழு அழுத்தமும் இணைப்பின்மேல் விழுகிறது. அதனால் பகலில் உலர்ந்திருந்த இணைப்பு இரவில் கசியலாம். வேலை முடிந்ததும் எல்லாக் குழாய்களையும் மூடி, இணைப்பின்கீழ் உலர்ந்த டிஷ்யூ தாளை வைத்து, மறுநாள் காலையில் பாருங்கள்.

ஒரு நொடிக்கு ஒரு துளி என்றால் ஒரு நாளில் 86,400 துளிகள். 20 துளி ஒரு மில்லிலிட்டர் எனக் கொண்டால், நாளுக்கு 4.3 லிட்டர், மாதத்துக்கு ஏறத்தாழ 130 லிட்டர். மலையிலிருந்து அவ்வளவு தூரம் இறங்கி வந்த நீர், ஒரு சிறு வாஷரின் பிழையால் வீணாகிறது.

பயிற்சி: தொட்டி 45 மீட்டர் உயரத்தில் இருந்தால், அதே செம்பு பைப்பை வெளியே தள்ளும் விசை எவ்வளவு? (விடை: சுமார் 78 நியூட்டன்)