உறுதிப் படமும் கணினியின் சுமையும்

2004ஆம் ஆண்டின் கடற்கோளிலும் 2009இல் முடிந்த போரிலும் காணி உறுதிகளைத் தொலைத்த குடும்பங்கள் பல. எஞ்சிய உறுதிகளையாவது ஸ்கேன் செய்து கணினியில் வைக்க முனையும் நம் பிள்ளைகளின் முறைப்பாடு ஒன்றுதான்: படத்தைத் திறந்தால் கணினி அசையாமல் நின்றுவிடுகிறது.

காரணத்தை நாம் கணக்கிட்டே பார்ப்போம். ஏ4 தாளொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் எடுத்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். வண்ணப் படத்தில் புள்ளிக்கு 3 பைற். ஆக 26 மெகாபைற். 1200 புள்ளி வீதம் எடுத்தாலோ 418 மெகாபைற்! நாம் கூட்டியது நான்கு மடங்கு. சுமை கூடியது பதினாறு மடங்கு. ஜேபெக் கோப்பாக இருக்கையில் அது சிறிதாகத் தெரியும். திறந்ததும் முழுச் சுமையும் நினைவகத்தில் இறங்கிவிடும். போதாததற்கு, நாம் செய்த திருத்தத்தை மீளப்பெறுவதற்காக முந்திய நிலைகளையும் மென்பொருள் வைத்திருக்கும்.

நினைவகத்தைச் சூடடிக்கும் களமென்றும் வன்தட்டைத் தூரத்துக் களஞ்சியமென்றும் எண்ணிக்கொள்ளுங்கள். களம் நிரம்பினால் கதிர்க்கட்டுகளை அங்குமிங்கும் சுமக்கவேண்டும். கணினி நின்றுவிட்டதென்று நாம் நினைக்கும் நேரத்தில் அது சுமந்துகொண்டிருக்கிறது.

ஆகவே முதலில் சுமையைக் குறையுங்கள். உறுதிக்கு 300 போதும். நில அளவைப் படத்தின் நுண்ணிய எழுத்துகளுக்கு 600. அதற்காக 150க்கு இறங்கவும் வேண்டாம். படம் உறுதிக்கு ஈடாகாது. ஆயினும் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கப் போகும்போது உறுதி இலக்கமும் நொத்தாரிசின் பெயரும் அதில் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். மூலப் படத்தை வண்ணத்திலேயே, டிஃப் கோப்பாக, தொடாமல் வையுங்கள். முத்திரையின் நீல மைக்குள் மங்கிய எழுத்தைப் பிரித்தறிய வண்ணம் தேவைப்படும். திருத்துவது பிரதியில் மட்டுமே. வெற்று ஓரங்களை வெட்டி, சாம்பல் நிறத்துக்கு மாற்றினால் சுமை மூன்றிலொன்றுக்கும் கீழே வரும்; மற்ற வேலைகளை அதன்பின் தொடங்குங்கள். இணைய உலாவியை மூடிவிடுங்கள். கிம்ப் மென்பொருளில் மீளப்பெறும் படிகளின் எண்ணிக்கையையும் குறைக்கலாம்.

பணம் செலவிடுவதானால் முதலில் நினைவகம். அடுத்து, சுழலும் வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலைத் தட்டு. கடைக்காரர் புதிய கணினியே வேண்டுமென்பார். படம் திறந்திருக்கையில் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறதென்று முதலில் பாருங்கள். நிரம்பவில்லையென்றால் நினைவகத்துக்கும் காசு கொடுக்கவேண்டியதில்லை.