சில்க் போர்டு தாண்டி சான்பிரான்சிஸ்கோ

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்களுக்கு அமெரிக்கப் பயணத்தில் முதல் கண்டம் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசல். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் நேர்கோட்டில் 40 கிலோமீட்டர்கூட வராது. சாலையில் 55 ஆகிவிடுகிறது. 2018இல் இரண்டுக்கும் நடுவே ஹெலிகாப்டர் டாக்சி விட்டார்கள், 15 நிமிடம்தான். நாம் போகும் டாக்சிக்கு விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம். மாலை ஆபீஸ் விடும் வேளையில் மூன்று மணி நேரம்கூடப் பிடிக்கும்.

ஆகாயத்திலும் இதே கதைதான். மகள் சான்பிரான்சிஸ்கோ பக்கம் குடியேறிய பிறகு நான் கற்றுக்கொண்ட முதல் பாடம், கிலோமீட்டரைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது என்பது. பெங்களூரிலிருந்து அந்த ஊர் சுமார் 14,000 கிலோமீட்டர். பூமி உருண்டை பொம்மையில் இரண்டு ஊருக்கும் நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள், வட துருவத்தை ஒட்டிப் போகும். 2021 ஜனவரியில் கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகளே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம் துருவத்தைத் தாண்டித்தான் பெங்களூரில் இறங்கியது. ஆனால் தினமும் அந்த நூல் வழியே பறக்க முடியாது. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடுகிறது. அதனால் போகும்போது பெரும்பாலும் பசிபிக் பக்கமாகக் காற்றோடு போய்விடுவார்கள். தூரம் கூடினாலும் நேரம் மிச்சம். திரும்பும் பயணம்தான் இழுக்கும். போதாக்குறைக்கு வான்வெளித் தடைகள் வேறு: 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது, டெல்லியிலிருந்து அமெரிக்கா போன சில விமானங்கள் வியன்னாவில் எரிபொருள் போட இறங்கின.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 5 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், மூன்று மணி நேரப் பயணம் என்று மாமியார் சந்தோஷப்படுவார். சான்பிரான்சிஸ்கோ கடிகாரம் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது; அந்த மூன்றோடு அதையும் கூட்டுங்கள். பதினாறரை மணி நேரம். மார்ச்சிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைப்பதால் பன்னிரண்டரையைக் கூட்டினால் போதும்.

என் மனைவி தன் பழைய எச்.எம்.டி. வாட்ச்சை வழியில் மாற்றுவதே இல்லை. மாத்திரைக்கு இந்திய நேரம்தான். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் இந்த நேர வித்தியாசத்தைப் பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தும் டாக்டர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்; பெட்டியில் போட வேண்டாம். நடைபாதை ஓர இருக்கையை விட்டுக்கொடுக்காதீர்கள், ஜன்னல் வழியே பல மணி நேரம் இருட்டுதான்.

ஒரு இடத்தில் விமானம் மாறிப் போவதென்றால் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான இடைவெளியில் நான் டிக்கெட் எடுப்பதில்லை. பெரியவர்களுக்கு வீல்சேரை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

சேலம், தர்மபுரியிலிருந்து வருகிறவர்கள் நகரத்துக்குள் போய்ச் சிக்க வேண்டியதில்லை. எலெக்ட்ரானிக் சிட்டியிலேயே இறங்கினால் பி.எம்.டி.சி.யின் வாயு வஜ்ரா பஸ் விமான நிலையத்துக்கே போகிறது. 2025 ஆகஸ்ட்டில் வந்த மஞ்சள் தட மெட்ரோ ஆர்.வி. ரோடோடு நின்றுவிடும். 23 கிலோ பெட்டி இரண்டைத் தூக்கிக்கொண்டு அங்கே மாறுவதற்குப் பதில், பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிவிடலாம்.