தொளி வயலில் டிராக்டர் புதைந்தால்...

புதுக்கோட்டை மாவட்டத்தின் கண்மாய்ப் பாசன வயல்களிலும், கல்லணைக் கால்வாயின் கடைமடையான நாகுடி, மும்பாலைப் பகுதிகளிலும் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் தொளி உழவு தொடங்கிவிடும். முன்பு நாட்டுக் கலப்பையும் மாடும் செய்த வேலையை இன்று பெரும்பாலும் டிராக்டரே செய்கிறது. சேற்றில் கால் புதைந்தால் மாடு தானே நின்றுவிடும். டிராக்டரோ ஓட்டுபவர் நிறுத்தும்வரை தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டிருக்கும்.

கண்ட நிகழ்ச்சி

சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில், ஆவுடையார்கோவில் வட்டத்து ஊர் ஒன்றில் நான் நேரில் கண்டது இது. மடைக்குக் கீழிருந்த வயலில் டிராக்டரின் பின்சக்கரங்கள் அச்சுவரை புதைந்தன. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டக் கூட்ட வண்டி இன்னும் இறங்கியது. பின்பு சக்கரங்களின் குறுக்கே மரக்கட்டையைக் கட்டி முன்னோக்கி எடுத்தார். கட்டை சேற்றில் ஊன்றிக்கொள்ள, முன்சக்கரங்கள் இரண்டு முழ உயரம் எழும்பின. உடனே கிளட்சை மிதித்ததால் உயிர் தப்பினார். மறுநாள் பிரித்துப் பார்த்தபோது கிளட்ச் தட்டு கருகியிருந்தது. ஆயில் சீல் வழியே சேற்றுநீர் புகுந்து, கியர் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது. பழுது நீக்கி வண்டி திரும்புவதற்குள் நாற்றங்காலில் நாற்று முற்றிவிட்டது.

புதைவது ஏன்?

நெல் வயலில் உழவு ஆழத்திற்குக் கீழே இறுகிய மண் அடுக்கு ஒன்று உண்டு. நீரைத் தாங்குவதும் டிராக்டரைத் தாங்குவதும் இதுவே. மடையருகு, கண்மாய்க் கரையடிக் கசிவு, தூர்த்த கிணறு ஆகிய இடங்களில் இவ்வடுக்கு உறுதியாக இராது. சுழலும் சக்கரம் இதைக் கிழித்துவிட்டால், அடுத்த பருவத்திலும் அதே இடத்தில் வண்டி புதையும். நீரும் கீழே வடியும். எனவே சேதம் வண்டிக்கு மட்டுமன்று, நிலத்திற்கும்தான்.

நடவுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் ஆழச் சேறு போதுமானது. உழுமுன் வயலில் நடந்து பார்த்து, கால் முழங்கால்வரை இறங்கும் இடங்களில் குச்சி நட்டு அடையாளமிடுக. அவ்விடங்களைப் பவர் டில்லர் அல்லது மாட்டு உழவுக்கு விட்டுவிடுதல் நலம்.

சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்றால்

1. உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்துக. கிளட்சைப் பாதி மிதித்தபடி உறுமவிடுவது தட்டைக் கருக்கும்.

2. ரோட்டவேட்டரின் சுழற்சியை நிறுத்தி, இஞ்சினை அணைத்தபின் அதைக் கழற்றிவிடுக.

3. சக்கரங்களைச் சுற்றியுள்ள சேற்றை மண்வெட்டியால் அகற்றி, பனை மட்டை, வைக்கோல், தழை ஆகியவற்றை இடுக.

4. சக்கரம் நின்றிருக்கும்போதே டிஃபரென்ஷியல் லாக்கைப் போட்டு, வந்த வழியே பின்னோக்கி மெதுவாக ஒருமுறை முயலுக. வண்டியைத் திருப்புமுன் அதை எடுத்துவிட வேண்டும்.

5. வராவிடில், கெட்டித் தரையில் நிற்கும் மற்றொரு டிராக்டரால் இழுக்கலாம். இழுக்கும் வண்டியில் சங்கிலியைப் பின்னச்சுக்குக் கீழுள்ள இழுகம்பியில் மட்டுமே மாட்டுக. அறுந்த சங்கிலி ஆளைக் கொல்லும். சங்கிலியின் நீளத்திற்கும் அப்பால் ஆட்கள் விலகி நிற்க வேண்டும்.

சக்கரத்தில் கட்டை கட்டுவது கூடவே கூடாது. சக்கரம் சுழல வழியில்லாதபோது, இஞ்சினின் விசை வண்டியின் முன்பாகத்தையே பின்னச்சைச் சுற்றித் தூக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுபவரை நசுக்கும்.

வெளியே எடுத்தபின்

வண்டியைக் கழுவி, இஞ்சின் எண்ணெயையும் கியர் எண்ணெயையும் சோதிக்க வேண்டும். வெளுத்திருந்தால் இஞ்சினை இயக்காமல் எண்ணெயை மாற்றி, ஆயில் சீலையும் பார்க்கச் செய்க. ரேடியேட்டர் இடுக்குகளில் காய்ந்த சேறு இஞ்சினைக் கொதிக்கவிடும். முன்சக்கர முட்டுகளில், சேறு கலந்த பழைய கிரீஸ் வெளிவரும்வரை புது கிரீஸ் ஏற்றுக. பிரேக் இருபுறமும் சமமாகப் பிடிப்பதை உறுதிசெய்த பின்னரே சாலைக்கு வருக. இரும்புக் கேஜ் வீலுடன் தார்ச்சாலையில் ஓட்டலாகாது.

வண்டி புதைவது யாருக்கும் நேரக்கூடியதே. சக்கரம் வீணே சுழலத் தொடங்கியதும் நிறுத்துபவருக்கு அரைநாள் வேலையே கெடும்; நிறுத்தாதவருக்கு வண்டியும் பருவமும் கெடுவதோடு உயிருக்கும் ஆபத்து நேரலாம். உழவர் பெருமக்கள் இதை மனதிற்கொண்டு, தம் வண்டி ஓட்டுபவருக்கும் எடுத்துச் சொல்வார்களாக.